நாலு நோய், ஒரே உடம்பு: வார்டு நர்சிடம் சொல்ல வேண்டியதும் கேட்க வேண்டியதும்



நம்ம குழுக்களின் தீர்மான நோட்டைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்க. உள்கடன் வாங்கிய காரணத்தில் "மருத்துவச் செலவு" என்று எத்தனை தடவை எழுதியிருக்கிறோம்! முன்பெல்லாம் அது பிரசவமாக இருக்கும், விஷக் காய்ச்சலாக இருக்கும், பைக்கில் விழுந்ததாக இருக்கும். இப்போது சுகர், பிரஷர், கிட்னி, இதயம். அதுவும் ஒருத்தருக்கு ஒன்று என்று வருவதில்லை. சுகர் உள்ளவருக்குப் பிரஷர் சேர்கிறது. இரண்டும் சேர்ந்து பல வருஷம் கவனிக்காமல் விட்டால் கிட்னியும் இதயமும் கெடுகின்றன. கூடவே மூட்டு வலி, கண் மங்கல்.

இப்படி நாலு நோய் உள்ள ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கூட இருப்பது யார்? நாம்தான். மாமியாருக்கும் நாம், மாமனாருக்கும் நாம், பெத்த அம்மாவுக்கும் நாம். வீட்டு ஆண்கள் சாப்பாட்டுக் கேரியரைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். (எல்லா வீட்டிலும் இல்லை, சில வீட்டில் நல்ல பிள்ளைகளும் இருக்கிறார்கள்.) ஆகவே வார்டில் நர்ஸ் என்ன செய்கிறார், அவரிடம் நாம் என்ன சொல்ல வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பதை இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

மூன்று இடத்து மருந்து

ஒரு உறுப்பினரின் மாமியார் என்று வைத்துக்கொள்வோம். வயது 62. சுகர் வந்து 12 வருஷம். சுகருக்கும் பிரஷருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்குகிறார். நடுவில் தலைச்சுற்றல் வந்து டவுனில் ஒரு டாக்டரைப் பார்த்தார். அவரும் பிரஷருக்கு ஒரு மாத்திரை எழுதினார். முட்டி வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி ஒன்று போடுகிறார். இப்போது இரண்டு காலும் வீங்கியிருக்கிறது, படுத்தால் மூச்சு வாங்குகிறது. ஜி.எச்.சில் சேர்த்தாயிற்று.

இதில் எத்தனை சிக்கல் இருக்கிறது பாருங்க. சுகாதார நிலையத்தில் கொடுத்தது அம்லோடிபின். டவுன் டாக்டர் எழுதியதும் அதே அம்லோடிபின்தான், கம்பெனிப் பெயர் மட்டும் வேறு. அட்டை வேறு நிறம், மாத்திரை வேறு அளவு, அதனால் இரண்டும் வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் போட்டார்கள். அந்த மருந்து அளவு கூடினால் கால் வீங்கும், தலை சுற்றும். முட்டி வலிக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை கிட்னியைப் பாதிக்கும், பிரஷரை ஏற்றும், உடம்பில் நீர் தங்கச் செய்யும். இதயம் பலவீனமானவருக்கு அந்த நீரே மூச்சுத் திணறலைக் கொண்டுவந்துவிடும்.

அப்படியானால் இந்த வீக்கம் கிட்னியால் வந்ததா, இதயத்தால் வந்ததா, மாத்திரையால் வந்ததா? கண்டுபிடிக்க வேண்டியது டாக்டர். ஆனால் வீட்டில் என்னென்ன மாத்திரை போட்டார்கள் என்று யாரும் சொல்லாவிட்டால் அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? சுகர் டாக்டர் சுகரைப் பார்ப்பார், இதய டாக்டர் இதயத்தைப் பார்ப்பார். காலை ரவுண்ட்சில் ஒரு படுக்கைக்குக் கிடைப்பது சில நிமிஷம். ராத்திரி பகலாக அந்த முழு மனுஷியையும் பார்க்கிறவர் நர்ஸ்.

நர்ஸ் ஊசி போடுகிறவர் மட்டும்தானா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். "சிஸ்டர், டிரிப்ஸ் முடிஞ்சிடுச்சு" என்று கூப்பிடுவதோடு சரி. (ஆண் நர்சுகளும் இருக்கிறார்கள், அவர்களை பிரதர் என்று கூப்பிடுகிறோம்.)

ஆனால் அவர் வேலையைக் கவனித்துப் பாருங்க. பிரஷர், நாடி, காய்ச்சல், மூச்சு எண்ணிக்கை, சாப்பாட்டுக்கு முன்னால் விரல் நுனியில் சுகர் எல்லாம் பார்த்துச் சார்ட்டில் குறிக்கிறார். எவ்வளவு தண்ணீர் குடித்தார், எவ்வளவு சிறுநீர் போனது என்று கணக்கு வைக்கிறார். படுத்தே கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கச் சொல்கிறார். இல்லையென்றால் முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப் புண் வரும், சுகர் உள்ளவருக்கு அது ஆறவே மாட்டேன் என்னும். டியூட்டி மாறும்போது ஒவ்வொரு படுக்கையாக அடுத்த நர்சிடம் நிலைமையைச் சொல்லி ஒப்படைக்கிறார். மூச்சு திடீரென்று வேகமானால், பேச்சு குழறினால், முதலில் கவனித்து டாக்டரை அழைப்பவர் பெரும்பாலும் அவர்தான்.

மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் டாக்டர் முடிவு. ஆனால் அந்த முடிவுக்கு வேண்டிய தகவல் நர்ஸ் வழியாகப் போகிறது. நர்சுக்கு அந்தத் தகவலைக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்.

ஒரு நர்ஸ் எத்தனையோ படுக்கைகளைப் பார்க்கிறார் என்பதையும் மறக்கக் கூடாது. சில சமயம் சிடுசிடுப்பாகப் பேசலாம். அதற்காக நாம் வாயை மூடிக்கொண்டால் நஷ்டம் நமக்குத்தான். டியூட்டி மாறும் பரபரப்பிலும், பக்கத்துப் படுக்கையில் அவசரம் என்றாலும் காத்திருப்போம். அவர் நம்ம படுக்கைக்கு வந்து பிரஷர் பார்க்கும் நேரம் நல்ல நேரம். அப்போது சொல்லுங்க, கேளுங்க. உயிருக்கு ஆபத்தான அறிகுறி என்றால் மட்டும் நேரம் பார்க்க வேண்டாம்.

மாத்திரைப் பை

சேர்க்கிற அன்றைக்கே செய்ய வேண்டிய வேலை இது. வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்க. அரசு மாத்திரை, தனியார் மாத்திரை, கடையில் வாங்கிய வலி மாத்திரை, நாட்டு மருந்துப் பொடி, லேகியம், கண்ணுக்கு விடும் சொட்டு, மூச்சுக்கு இழுக்கும் பம்ப், இன்சுலின் எல்லாம். "இதைச் சொன்னால் திட்டுவாங்களோ" என்று நாட்டு மருந்தை மறைக்காதீங்க. திட்டினாலும் பரவாயில்லை. பழைய ஓ.பி. சீட்டு, ரத்தப் பரிசோதனைக் காகிதம், ஸ்கேன் எல்லாம் அதே பையில் இருக்கட்டும்.

அட்டையில் கம்பெனிப் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். அதன் கீழேயோ மேலேயோ சின்ன எழுத்தில் மருந்தின் உண்மைப் பெயர் இருக்கும். இரண்டு அட்டையில் அந்தச் சின்னப் பெயர் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே மருந்து. ஆங்கிலம் படிக்கத் தெரியாவிட்டால் ஸ்கூலுக்குப் போகிற பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்க. நர்சிடம் காட்டிக் கேட்டாலும் சொல்வார்.

பையைக் காட்டியபின் முக்கியமான ஒரு கேள்வி: "சிஸ்டர், இதில் எதையாவது இங்கே நாங்களே கொடுக்கணுமா, இல்லை எல்லாம் நீங்களே கொடுப்பீங்களா?" வார்டில் நர்ஸ் பிரஷர் மாத்திரை கொடுத்திருப்பார். அது தெரியாமல் வீட்டில் கொடுக்கிற வழக்கப்படி நாமும் ஒன்று கொடுத்துவிடுவோம். இரண்டு மடங்கு மருந்து உள்ளே போய்விடும். சுகர் மாத்திரையில் இப்படி நடந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

இவையும் நர்சுக்குத் தெரிய வேண்டும்: எந்த மருந்தாவது போட்டு உடம்பு தடித்ததா, மூச்சு முட்டியதா, மாத்திரையை ஒழுங்காகப் போட்டாரா அல்லது நடுவில் நிறுத்தினாரா, குடி, புகையிலை, வெற்றிலைப் பழக்கம் உண்டா, இதற்கு முன் எப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். மாத்திரையை நிறுத்தியிருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்க. ஒழுங்காகப் போடுகிறார் என்று பொய் சொன்னால், "இந்த அளவு போதவில்லை" என்று டோஸைக் கூட்டிவிடுவார்கள்.

வார்டில் கவனம்

நோய் ஒன்றாக இருந்தால் பத்தியமும் ஒன்று. நாலு நோய் சேர்ந்தால் ஒன்றுக்கு நல்லது இன்னொன்றுக்குக் கெடுதலாகும். இதுதான் நமக்குப் புரிய வேண்டிய பெரிய விஷயம்.

இளநீரை எடுத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரியில் பார்க்க வருகிறவர்கள் இளநீர், ஆரஞ்சு, சாத்துக்குடி வாங்கி வருவது நம்ம ஊர் மரியாதை. கிட்னி கெட்டவருக்கு இளநீரில் உள்ள பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கும். அது ரொம்ப ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், நின்றும் போகலாம். "குளிர்ச்சிதானே, என்ன செய்யப் போகிறது" என்று கொடுக்காதீங்க. கிட்னிக் கோளாறு இருக்கிறது என்று சொல்லியிருந்தால் எந்தப் பழம், எந்த ஜூஸ், எவ்வளவு தண்ணீர் என்று நர்சிடம் கேட்டபின் கொடுங்க. பிரஷருக்கு நல்லது என்று கடையில் விற்கும் சோடியம் குறைந்த மாற்று உப்பிலும் பொட்டாசியம்தான் சேர்த்திருப்பார்கள். அதுவும் இவர்களுக்கு ஆகாது.

அடுத்தது தாழ்ந்த சுகர். சுகர் ஏறினால்தான் நாம் பயப்படுகிறோம். ஆனால் இறங்கினால் சில நிமிஷத்தில் ஆள் விழுந்துவிடுவார். இன்சுலின் போட்டாயிற்று, சாப்பாடு வரவில்லை. அல்லது ஸ்கேனுக்காகச் சாப்பிடாமல் இருக்கச் சொன்னார்கள், மாத்திரையை மட்டும் வழக்கம்போல் கொடுத்துவிட்டோம். இப்படித்தான் நடக்கிறது. வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பசிக்கும். வயசானவர்களுக்கு இதெல்லாம் தெரியாமல் வெறும் உளறலாக, கோபமாக, தூக்கமாகவும் வரும். "காத்து கருப்பு பட்டிருக்கு" என்று திருநீறு போட்டு நேரத்தைக் கடத்தாதீங்க. உடனே நர்சைக் கூப்பிடுங்க. சுகர் 70-க்குக் கீழே என்றால் குறைவு. வீட்டில் இப்படி ஆனால், நினைவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கணும். 15 நிமிஷத்தில் தெளியாவிட்டால் மறுபடி கொடுக்கணும், தெளிந்ததும் சாப்பாடு கொடுக்கணும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறி மூச்சடைத்துவிடும். 108-ஐக் கூப்பிடுங்க.

இன்னொன்றும் உண்டு. பல வருஷமாக 250, 300 என்று இருந்த சுகர் அதே மருந்திலேயே தானாக இறங்க ஆரம்பித்தால் "வியாதி குணமாயிடுச்சு" என்று சந்தோஷப்படுகிறவர்கள் நிறைய. கிட்னி வேலை குறையும்போது இன்சுலினும் சில சுகர் மாத்திரைகளும் உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியேறாது. அதனால்தான் சுகர் இறங்குகிறது. காரணமில்லாமல் சுகர் இறங்கினால் கிட்னிப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும்.

தண்ணீர்க் கணக்கை நர்ஸ் கேட்டால் "குடிச்சாங்க, போனாங்க" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீங்க. ஒரு டம்ளர் எவ்வளவு பிடிக்கும் என்று நர்சிடம் கேட்டுக்கொண்டு, ஒரு காகிதத்தில் டம்ளருக்கு ஒரு கோடு போடுங்க. காபி, கஞ்சி, ரசம் எல்லாம் கணக்கில் சேரும். சிறுநீரை அளக்கச் சொன்னால் அளந்தபின் ஊற்றுங்க. அசிங்கம் பார்த்தால் டாக்டருக்குத் தப்புக் கணக்குத்தான் போகும். டிரிப்ஸ் மெதுவாக இறங்குகிறது என்று நாமே வேகத்தைக் கூட்டவும் கூடாது. இதயம், கிட்னி பலவீனமானவருக்கு அந்த ஒரு பாட்டில் வேகமாகப் போனால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

கடைசியாக மனசு. நாலு நோயோடு படுத்திருப்பவர் ஒருநாள் பேசுவதையே நிறுத்துவார். சாப்பாட்டைத் தள்ளுவார். "எனக்கு எதுக்கு இந்த மாத்திரை, போய்ச் சேர்றேன்" என்பார். வயசான காலத்துப் புலம்பல் என்று நாம் விட்டுவிடுகிறோம். அது மனச்சோர்வு என்ற நோயாக இருக்கலாம், அதற்கும் வைத்தியம் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சுகர் அல்லது இதய நோயோடு மனச்சோர்வும் சேர்ந்த 214 பேரை வைத்து நடந்த ஒரு ஆய்வு 2010-ல் வெளியானது. அதில் ஒரு பகுதியினரை நர்சுகள் டாக்டர்களோடு சேர்ந்து தொடர்ந்து கவனித்து, உடம்பையும் மனசையும் ஒன்றாகப் பார்த்தார்கள். ஒரு வருஷத்தில் அவர்களுடைய மனச்சோர்வும் குறைந்தது, சுகர், பிரஷர், கொழுப்பும் மற்றவர்களைவிட நன்றாகக் கட்டுப்பட்டன. ஆகவே இதையும் நர்சிடம் சொல்லுங்க.

ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவில்

வார்டில் இருக்கும்வரை ஒருவர் மாற்றி ஒருவர் பார்க்கிறார்கள். டிஸ்சார்ஜ் ஆகி ஆட்டோவில் ஏறிய நிமிஷத்திலிருந்து எல்லாம் நம்ம தலையில். பலர் பத்தே நாளில் மறுபடி அதே வார்டுக்கு வருவது இதனால்தான்.

அமெரிக்காவில் பிலடெல்பியா என்ற ஊரில் மேரி நெய்லர் என்ற நர்ஸ் பேராசிரியர் இதை ஒரு ஆய்வாகவே செய்தார். 65 வயது தாண்டிய, மறுபடி ஆஸ்பத்திரிக்கு வரும் ஆபத்து அதிகம் உள்ள 363 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான முறை. மீதிப் பேருக்குச் சிறப்புப் பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ், ஆஸ்பத்திரியில் சேர்ந்ததுமே வந்து பார்த்தார். வீட்டுக்குப் போன 2 நாளுக்குள் வீட்டுக்கே போனார். 7 முதல் 10 நாளில் இன்னொரு தடவை போனார். வாராவாரம் போனில் விசாரித்தார். வீட்டில் மாத்திரை சரியாகப் போடுகிறார்களா, என்ன சாப்பிடுகிறார்கள், எந்த அறிகுறி வந்தால் கூப்பிடணும் என்று கூட இருப்பவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். 24 வாரம் கழித்துப் பார்த்தால், வழக்கமான முறையில் 100-க்கு 37 பேர் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார்கள். நர்ஸ் கவனித்தவர்களில் 100-க்கு 20 பேர்தான். 1999-ல் வெளியான ஆய்வு இது.

அது வேறு நாடு, அவர்கள் வசதி வேறு. ஆனால் அந்த நர்ஸ் வீட்டுக்குப் போய்ச் செய்ததில் பாதி, கேட்பதும் பார்ப்பதும் சொல்லிக் கொடுப்பதும்தான். அதற்குப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம்.

டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள்

டிஸ்சார்ஜ் அன்றைக்குக் காகிதம், கையெழுத்து, மருந்து வாங்கும் வரிசை என்று ஓட்டமாக இருக்கும், எதுவும் காதில் ஏறாது. முந்தின நாளே நர்சிடம் உட்கார்ந்து கேளுங்க. பழைய மாத்திரைப் பையை எடுத்து வைத்துக்கொண்டு, "இதில் எது தொடரணும், எது நிறுத்தணும், புதுசா எது?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்க. நிறுத்தச் சொன்னதைத் தனிக் கவரில் கட்டி ஒதுக்கிவிடுங்க. காசு கொடுத்து வாங்கியதை வீணாக்குவானேன் என்று திரும்ப டப்பாவில் போட்டால் பழைய கதைதான்.

சீட்டில் 1-0-1 என்று எழுதியிருந்தால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. 0-0-1 என்றால் இரவு மட்டும். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கேட்டு, அட்டை மேல் பேனாவால் சூரியன், நிலா என்று படம் போட்டுக்கொள்ளுங்க. எழுதப் படிக்கத் தெரியாத மாமியாருக்கும் அது புரியும்.

நர்ஸ் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு வராமல், "சிஸ்டர், நான் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன், சரியான்னு பாருங்க" என்று நம்ம வாயால் திருப்பிச் சொல்லுங்க. தப்பு இருந்தால் அங்கேயே திருத்திவிடுவார். அதோடு எந்த அறிகுறி வந்தால் தேதி பார்க்காமல் ஓடி வரணும், அடுத்த பரிசோதனை எப்போது, காய்ச்சல் வாந்தி பேதி வந்தால் எந்த மாத்திரையை நிறுத்தி வைக்கணும் என்றும் கேளுங்க. கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. வாந்தி பேதியில் உடம்பு நீர் வற்றிக் கிடக்கும்போது நீர் பிரியும் மாத்திரையும் சில சுகர், பிரஷர் மாத்திரையும் கிட்னியை நெருக்கும். எதை நிறுத்துவது என்பது ஆளுக்கு ஆள் மாறும், அதனால் முன்பே தெரிந்து வைத்திருக்கணும்.

இன்சுலின் ஊசி எழுதியிருந்தால் நர்ஸ் முன்னாலேயே ஒரு தடவை நாம் போட்டுக் காட்ட வேண்டும். பாட்டிலில் 40 என்றிருந்தால் சிவப்பு மூடி சிரிஞ்ச். 100 என்றிருந்தால் ஆரஞ்சு மூடி. 100 பாட்டில் மருந்தை 40 சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து ஏறிவிடும். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் பாட்டிலைத் தண்ணீர் புகாத டப்பாவில் வைத்து, ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் நிழலில் வைக்கலாம். பிரிட்ஜ் இருந்தால் ஐஸ் உறையும் தட்டில் வைக்கக் கூடாது, உறைந்த இன்சுலின் வேலை செய்யாது.

வீட்டுக்கு வந்தபின்

இதயம் பலவீனமானவருக்குத் தினம் காலையில் சிறுநீர் போனபின், சாப்பிடும் முன் எடை பார்க்க வேண்டும். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். மூச்சு முட்டும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே காட்டணும். உப்பு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூனுக்குள்தான். ஊறுகாய், அப்பளம், கருவாடு, வடகம் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வருகிறது. "குழம்பில் உப்பே போடலைங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் கருவாடு வைத்தால் பயனில்லை.

சுகர் உள்ளவர் பாதத்தைத் தினம் ராத்திரி பாருங்க, விரல் இடுக்கிலும் பாருங்க. உணர்ச்சி குறைந்த காலில் முள் குத்தினாலும் தெரியாது. வலிக்கிறது என்று வெந்நீரில் காலை வைத்தால் வெந்து போவதும் தெரியாது. பிரஷர் பார்க்கும்போது ஐந்து நிமிஷம் உட்கார வைத்து, பேசாமல் இருக்கச் சொல்லிப் பாருங்க. நடந்து வந்த மூச்சோடு பார்த்தால் கூடுதலாகத்தான் காட்டும்.

நம்ம ஊரில் யாரிடம் போவது?

டிஸ்சார்ஜ் சீட்டைப் பீரோவில் பூட்டி வைக்காதீங்க. ஒரு வாரத்துக்குள் அதை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவு நர்சைப் பாருங்க. சுகர், பிரஷர் நோயாளிகளைப் பரிசோதித்துப் பதிவு வைத்துத் தொடர்ந்து பார்ப்பதற்காகவே இந்த நர்சுகள் நியமிக்கப்பட்டார்கள். தமிழ்நாட்டில் 2007-ல் சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் முன்னோட்டமாக ஆரம்பித்த வேலை, 2012 முதல் மாநிலம் முழுக்க விரிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் மாற்றிய மருந்து இவருக்குத் தெரியாவிட்டால் பழைய மாத்திரையையே மறுபடி கொடுத்துவிடுவார்.

நடக்க முடியாதவர், படுக்கையில் இருப்பவர் வீட்டுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர் வருவார். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம் இது. இதன் தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற சுய உதவிக் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்டவர்கள் என்பது நமக்குப் பெருமை. 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. வீட்டிலேயே பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை தருவது இவர் வேலை. நோய் முற்றிப் படுக்கையில் இருப்பவருக்கு வலி தணிப்புச் சிகிச்சை நர்சும், கை கால் பயிற்சிக்கு இயன்முறை சிகிச்சையாளரும் வீட்டுக்கு வருவதும் இதே திட்டத்தில் உண்டு. உங்க தெருவுக்கு யார் வருகிறார் என்று தெரியாவிட்டால் துணை சுகாதார நிலையத்தில் கேளுங்க.

ஒரு விஷயம் நம்மைப் பற்றி. வார்டில் கூட இருக்கிறவளுக்கும் சுகர் இருக்கும். மாமியாருக்கு மணி பார்த்து மாத்திரை கொடுப்பாள், தன் மாத்திரை வீட்டு அலமாரியிலேயே இருக்கும். டீயும் பன்னும்தான் சாப்பாடு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது மாத்திரைப் பையோடு நம்ம மாத்திரையையும் எடுத்துக்கொள்ளணும். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஆள் மாறிக்கொள்ள வீட்டில் பேசிவிட்டுக் கிளம்புங்க. மகனும் இருக்கட்டுமே, ஆண்கள் வார்டில் அவன்தானே இருக்கணும்!

இந்த மாதக் குழுக் கூட்டத்தில்

சேமிப்பு, கடன் வேலை முடிந்தபின் அரை மணி நேரம் ஒதுக்குங்க. அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் வீட்டு மாத்திரையை எல்லாம் பையில் கொண்டு வரட்டும். இரண்டு அட்டையில் ஒரே மருந்து இருக்கிறதா என்று சேர்ந்து பாருங்க. இருந்தால் நாமே நிறுத்தக் கூடாது. பையோடு நர்சிடம் போகணும். அந்தக் கூட்டத்துக்குத் தொற்றா நோய்ப் பிரிவு நர்சையோ தன்னார்வலரையோ ஊக்குநர் அழைத்தால் இன்னும் நல்லது.

உறுப்பினர் வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால், 2-வது நாளும் 10-வது நாளும் போய்ப் பார்க்க இருவரைத் தீர்மானம் போட்டு நியமியுங்க. போகிறவர்கள் வைத்தியம் சொல்ல வேண்டாம். மாத்திரை சீட்டின்படி இருக்கிறதா, கால் வீக்கம், மூச்சு எப்படி, சாப்பிடுகிறாரா, பேசுகிறாரா, அடுத்த பரிசோதனைத் தேதி என்ன என்று பார்த்தால் போதும். சந்தேகம் வந்தால் நர்சுக்கோ 104-க்கோ போன் செய்யுங்க. மூச்சு முட்டினால், நெஞ்சு வலித்தால், நினைவு தப்பினால் 108.

ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் பொது நிதியிலிருந்து ஒரு எடை மெஷினும், மேல் கையில் கட்டிப் பார்க்கும் ஒரு பிரஷர் மெஷினும் வாங்கி, தேவைப்படும் வீட்டுக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கலாமா என்றும் பேசுங்க. என்ன முடிவு செய்தீர்கள் என்று அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் செய்தி மடலுக்கு எழுதி அனுப்புங்க.